சீக்கிரமாக முடித்த குற்றம்

போன வாரம் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம், அன்வர் பாயின் செல்போன் கடையில் என் போனுக்குப் புது பேட்டரி போட உட்கார்ந்திருந்தேன். அவருடைய போன் அடித்தது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

சென்னையிலிருந்து ஒரு பெண். நல்ல இனிமையான குரல். "குட் நியூஸ் சார். ரெண்டாவது தவணை உங்க அக்கவுண்டுல கிரெடிட் ஆயிடுச்சு. இனிமே நீங்க ரெக்கார்டிங் போகலாம்."

அன்வர் பாய் தேங்க்ஸுங்க என்று சொல்லி வைத்தார். பிறகு என் போனின் பின்மூடியை அழுத்திக்கொண்டே, துக்கச் செய்தி கேட்டவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

பணம் வந்தால் யாராவது இப்படி உட்காருவார்களா? உட்காருவார்கள். கதையைக் கேளுங்கள். சொல்லச் சொல்ல எனக்கு பிபி ஏறும், பரவாயில்லை.

அன்வர் பாய்க்கு நாற்பது வயதிருக்கும். சார்ஜர் விற்பார், ஸ்கிரீன் கார்டு ஒட்டுவார், அதற்கு நடுவே பாட்டு எழுதி மெட்டுப் போடுவார். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. கார்டு ஒட்டும்போது வாய்க்குள் ஒரு முணுமுணுப்பு ஓடும். திடீரென்று கஸ்டமரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தன் போனில் பாடிப் பதிந்துகொள்வார். எங்கள் ஊர்ப் பக்கம் கடை திறப்பு விழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, தக்காளி மண்டி விளம்பரம்... ஆட்டோ ஸ்பீக்கரில் போகிற பாதிப் பாட்டு அவருடையதுதான். எதிலும் அவர் பெயர் இருக்காது. ஒரே ஒரு தடவை தன் பேரில் தன் பாட்டு வெளியே வரவேண்டும் என்பது அவர் ஆசை. பேராசை என்று சொல்வீர்களா?

அந்தப் பாட்டுக்கு ஒரு குரலும் கிடைத்தது. ஜோதி. பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிற குடும்பத்துப் பெண், இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மைக் கெட்டுப்போன போனை ரிப்பேருக்குக் கொண்டுவந்தாள். சரியாகிவிட்டதா என்று பார்க்க நாமெல்லாம் என்ன செய்வோம்? ஹலோ, ஹலோ என்போம். அவள் இரண்டு வரி பாடினாள்.

சுத்தமான கச்சேரிக் குரல் என்று சொல்லமாட்டேன். கீழே இறங்கும்போது லேசாக உடையும், நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்த குரல். ஆனால் கேட்டால் நகர முடியாது. அன்வர் பாய் அன்றிலிருந்து அந்தக் குரலை மனசில் வைத்தே முணுமுணுக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. சென்னையில் ஓர் அறக்கட்டளை, சொந்தமாகப் பாட்டு எழுதி இசையமைப்பவர்களுக்கு நிதியுதவி தருகிறது. சினிமாப் பாட்டு கூடாது, பழைய பாட்டு கூடாது, புத்தம்புதுசாக ஐந்து பாட்டு செய்யவேண்டும். உருவாக்க ஒரு தவணை, பதிவு செய்ய ஒரு தவணை, வெளியிட ஒரு தவணை. நான்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தேன். நல்ல காரியம்தானே? சொந்த மெட்டுக்குக் காசு கொடுக்கிறவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஆன்லைன் விண்ணப்பத்தில் ஆறு மாதத்துக்கு ஆறு கட்டம். எந்த மாதம் என்ன செய்வீர்கள் என்று சொல்லவேண்டும். ஒன்றைக் காலியாக விட்டாலும் அடுத்த பக்கம் திறக்காது. அன்வர் பாய் முதல் கட்டத்தில் 'மெட்டுப் போடுவேன்' என்று எழுதினார். இரண்டாவதில் 'இன்னும் மெட்டுப் போடுவேன்' என்றார். மூன்றாவதில் 'சரி பார்ப்பேன்'. மீதியையும் இப்படியே நிரப்பினார்.

கிடைத்துவிட்டது! கடையில் எனக்கும் ஜோதிக்கும் ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்தார். முதல் தவணையும் சொன்னபடி வந்தது.

இங்கேதான் மனுஷன் தப்புப் பண்ணினார். முதல் மாதமே ஐந்து பாட்டையும் முடித்துவிட்டார்.

முடித்தவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டாமா? மாத அறிக்கையில், ஐந்து பாட்டும் முடிந்தது, ஸ்டுடியோவுக்குப் பணம் எப்போது வரும் என்று எழுதி அனுப்பிவிட்டார். உண்மையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அந்த இனிமையான குரல் கூப்பிட்டது. இவ்வளவு சீக்கிரம் முடிந்ததென்றால் இவை பழைய பாட்டுகளா என்று கேட்டது. இல்லை, எல்லாம் நிதி கிடைத்த பிறகு போட்டவை, போனில் தேதியோடு இருக்கின்றன, பாட்டையே அனுப்புகிறேன், கேளுங்கள் என்றார் இவர். ஆடியோ வேண்டாம் சார், தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் போதும் என்றது அது.

ஸ்கிரீன்ஷாட் போனது. புதுப் பாட்டுதான் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் படைப்புக்கு நீங்களே ஆறு மாதம் சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் செயல்பாடு முழுமையாக நடந்ததா என்று கமிட்டி பார்க்கவேண்டும், அதனால் போட்டோ அனுப்புங்கள் என்றார்கள்.

எதன் போட்டோ? யோசிப்பதன் போட்டோ...

இதற்குள் ஜோதிக்குக் குவைத்தில் வேலை கிடைத்துவிட்டது. இரண்டு வருஷ ஒப்பந்தம், நடுவில் லீவு இல்லை. அவள் அப்பா தக்காளி விலையை நம்பி வீட்டுச் சுவரைப் பாதி எழுப்பி நிறுத்திவைத்திருக்கிறார். அவள் போய்த்தான் ஆகவேண்டும். விசா வருவதற்குள் பதிவை முடிக்கவேண்டும் என்று அன்வர் பாய் சேலத்தில் ஸ்டுடியோ பேசினார். வயலின்காரரும் தபேலாக்காரரும் வரச் சம்மதித்தார்கள்.

கையில் முதல் தவணை இருக்கிறதே, அதை எடுத்துச் செலவு பண்ணுங்கள் என்றேன். கூடாதாம். அது 'உருவாக்கம்' என்கிற கணக்குத் தலைப்பில் வந்த பணம். சரி, நான் தருகிறேன் என்றேன். அதுவும் கூடாது. கமிட்டி அனுமதிக்கு முன்னால் யார் காசில் பதிவு செய்தாலும் ஒப்பந்தம் ரத்து. ரத்தானால் ஆகட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கேட்கவில்லை. "நம்ம பக்கத்துல மொதமொதல்ல நமக்குத்தாங்கக்கா குடுத்திருக்காங்க. நாம ஏமாத்துனம்னா, நாளைக்கு எவன் அப்ளை பண்ணுனாலும் தருமபுரிக்காரன்னு ஓரமா வெச்சிருவாங்க."

சரி, அவர்கள் கேட்ட போட்டோவையாவது அனுப்பித் தொலைப்போம் என்றேன்.

போட்டோ எடுத்தோம். கடையில், கவுண்டருக்குப் பின்னால், உண்மையில் அவர் மெட்டுப் போடுகிற இடத்தில் எடுத்து அனுப்பினோம். இதில் சார் வேறு வேலை பார்ப்பது போலத் தெரிகிறதே என்று திரும்பி வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் பிடித்து ஒகேனக்கல் போனோம். ஜோதி தன் ஊர்ப் பஜனைக் கோஷ்டியிடம் ஓர் ஆர்மோனியம் இரவல் வாங்கி வந்திருந்தாள். அன்வர் பாய்க்கு ஆர்மோனியம் வாசிக்கத் தெரியாது. போன் கீபோர்டுதான் தெரியும். இருந்தாலும் பாறைமேல் அதை வைத்து, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தார். சீரியல் ஷூட்டிங் என்று கூட்டம் கூடிவிட்டது. பரிசல்காரர் ஒருவர், ஒரு பாட்டு வாசிங்க பார்ப்போம் என்றார். மீன் வறுக்கிற வாசனை வேறு. அன்வர் பாய் நெளிந்தார். "பாய், யோசிக்கிற மாதிரி மூஞ்சிய வெச்சுக்குங்க. பசிக்கிற மாதிரி இருக்குது" என்றாள் ஜோதி, போட்டோ எடுத்துக்கொண்டே. வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. முடிந்துபோன பாட்டுக்கு ஒரு மனுஷனை இப்படி நடிக்கவைக்கிறார்களே.

போட்டோவைப் பார்த்து சென்னையில் மகிழ்ந்துபோனார்கள். இதைத்தான் எதிர்பார்த்தோம் சார், அடுத்த கமிட்டியில் வைக்கிறோம் என்றார்கள். அடுத்த கமிட்டி கூடவில்லை. ஓர் உறுப்பினர் வெளிநாட்டில். அதற்கடுத்ததும் தள்ளிப்போனது, இன்னொருவர் வீட்டில் கல்யாணம். பாடுகிற பெண் கிளம்பப் போகிறாள் என்று அன்வர் பாய் போன் போட்டுப் போட்டுச் சொன்னார். புரிகிறது சார், ஆனால் ப்ராசஸ் என்று ஒன்று இருக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அந்தப் பொறுமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

ஜோதி பெங்களூரு ஏர்போர்ட்டுக்குப் போகிற அன்று பெட்டியோடு கடைக்கு வந்தாள். குவைத் பிளக்குக்கு ஓர் அடாப்டர் கேட்டாள். அன்வர் பாய் எடுத்துக்கொடுத்தார், காசு வாங்கவில்லை. "வேற யாரையாச்சும் வெச்சுப் பாடிருங்க பாய். எனக்கோசரம் நிறுத்தாதீங்க" என்றாள். இவர் போய்ட்டு வாம்மா என்று மட்டும் சொன்னார். பஸ் கிளம்பிய பிறகு என்னிடம், முடியாதுன்னு சொன்னா போற நேரத்துல புள்ள அழுவும், அதான் ஒண்ணும் சொல்லலைங்கக்கா என்றார். அழுதது அவர்தான்.

இப்போது புரிகிறதா, போன வாரம் பணம் வந்ததும் அவர் ஏன் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று?

அப்புறம் அவரே சென்னைக்குப் போன் செய்தார். ஜோதி திரும்பும்வரை தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். முடியாதாம். நிதியாண்டுக்குள் செலவாகவேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். வேறு பாடகரைப் போட்டுக்கொள்ளலாமே என்று அந்தப் பெண் சொன்னாள். "பட்ஜெட்ல 'பாடகர் ஒருவர்'னுதானே சார் இருக்கு. பேர் எதுவும் இல்லையே." உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னாள். அவரிடமிருந்து மெட்டை வாங்கி, ஒரு சென்னைப் பாடகியைப் பாடவைத்து மறுநாளே அனுப்பியும் வைத்தாள். அதாவது பாட்டை முதன்முதலாக அங்கே ஒருத்தர் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆளுக்கு ஒரு இயர்போன் மாட்டிக்கொண்டு நாங்களும் கேட்டோம். ஒரு குறையும் சொல்ல முடியாத குரல். அன்வர் பாய் கடைசிவரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் பாடுறாங்கக்கா. ஆனா கீழ எறங்குற எடத்துல ஜோதிக்குக் கொரலு ஒடையும். ஒடையறதுக்குன்னே போட்ட மெட்டுங்க அது. இவங்களுக்கு ஒடைய மாட்டேங்குதே."

பணத்தைத் திருப்பி அனுப்பப் போகிறேன் என்றார். உங்களுக்குப் பைத்தியமா என்று கடையில் நாலு பேர் பார்க்கக் கத்தினேன். உங்கள் பேரில் பாட்டு வரவேண்டும் என்று எத்தனை வருஷம் சொல்லியிருப்பீர்கள்? வந்த வாய்ப்பை விடுவீர்களா? அவர் நிதானமாக, ரெண்டு வருசம்தானுங்களே, பாட்டு எங்க போயிறப்போவுது என்றார்.

எனக்கு ஆறவில்லை. பாட்டுக்கு நிதி கொடுக்கிறவர்களே, அடுத்த தடவை அந்தக் கட்டங்களுக்குப் பக்கத்தில் காது வைத்த ஆள் ஒருவரையும் உட்காரவையுங்கள். பாட்டு சில பேருக்கு ஆறு மாதத்தில் வரும், சில பேருக்கு ஒரு கார்டு ஒட்டுகிற நேரத்தில் வரும். எத்தனை நாள் ஆனது என்று பார்த்தா பாட்டை எடைபோடுவது? கறிக்குழம்பா அது, அதிக நேரம் கொதித்தால் ருசி கூட?

திங்கட்கிழமை காலை அன்வர் பாய் இரண்டாவது தவணையையும், முதல் தவணையில் தொடாமல் வைத்திருந்ததையும் திருப்பி அனுப்பினார். பணம் வந்து சேர்ந்தது, நன்றி என்று அன்று மத்தியானமே பதில் வந்துவிட்டது.

அதற்குக் கமிட்டி கூடவேண்டியிருக்கவில்லை.