மூன்று பாகம் குறைந்த டாங்கி

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் தாராளமாகப் படியுங்கள். எனக்கு நஷ்டமில்லை. ஆனால் இது நடந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அந்த இரும்புப் படிக்கட்டில் ஏறியிருக்கிறேன். இப்போதெல்லாம் மாலை ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் போகிறதில்லை. அவ்வளவுதான்.

ஜப்பானில், சிசுவோகா நகரில் நான் வேலை பார்க்கும் தேயிலைக் கிடங்கில் மகாபே என்று ஒருவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சாது. யாராவது வம்புக்கு இழுத்தாலும் சிரித்துவிட்டுப் போகிற ஆள். விவாகரத்து ஆனவர். மகள் ஹோனமிக்குப் பத்து வயது. அம்மா சத்சுகியோடு இருந்தாள். மாதத்தில் ஒரு நாள் ஏதாவது சாப்பாட்டுக் கடையில் அப்பாவும் மகளும் பார்த்துக்கொள்வார்கள், பக்கத்து மேசையில் சத்சுகி காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மகாபேயின் வீட்டுக்கு ஹோனமி வந்ததே கிடையாது.

மே மாதம் இங்கே, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்கிற பொம்மை வண்டி, விமான மாடல்களின் கண்காட்சி நடக்கும். ஊரே அந்தத் தொழிலில் பிழைக்கிற ஊர். அங்கே ஒரு பழைய போர் டாங்கி மாடலைப் பார்த்துவிட்டு ஹோனமி தானாகவே கேட்டாளாம், "அப்பா, இதே மாதிரி ஒண்ணு உங்க வீட்டுல ஒக்காந்து ரெண்டு பேரும் செய்யலாமா?" என்று. மகாபே என்னிடம் இதை ஒரே நாளில் மூன்று தடவை சொன்னார்.

சத்சுகி யோசித்துத்தான் சம்மதித்தாள். ஜூன் கடைசி ஞாயிறு அனுப்புகிறேன் என்றாள். போன வருஷம் ஹோனமியை நீச்சல் போட்டிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வேலை வந்து ஏமாற்றினீர்களே, இந்தத் தடவையும் பிள்ளை அழுதுகொண்டு வந்தால் இதோடு சரி என்றும் சொல்லிவிட்டாள். அது மகாபேயின் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியிருந்தது.

ஹோனமி கைகாட்டிய அந்த டாங்கி இப்போது தயாரிப்பில் இல்லை. மகாபே கடை கடையாக ஏறி இறங்கினார். கடைசியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், பழைய மாடல் வாங்கி விற்கிற ஒரு பெரியவர் கடையில் அகப்பட்டது. பெட்டி மேல் சீட்டு ஒட்டியிருந்தது. பாதி கட்டியது, பாகம் குறைவு. என்னென்ன குறைவு என்று கேட்டதற்குப் பெரியவர் சொன்னார், ஒரு சக்கரம், மேலே வைக்கிற சின்னத் துப்பாக்கி, கமாண்டர் தலை நீட்டுகிற ஓட்டைக்கு உண்டான வட்ட மூடி.

அது ஒரு பெரிய விஷயமில்லை. மாடல் கட்டுகிறவன் எவன் வீட்டிலும் மிச்சம் மீதி பாகங்கள் போட்ட டப்பா ஒன்று இருக்கும். மகாபே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பெட்டியைத் திறந்ததும் ஒரு வாடை வந்ததாம். பெயிண்ட் வாடை இல்லை. ஆற்றுச் சேறு.

மழைக்காலம், எதைத் திறந்தாலும் ஈர வாடைதான் என்று அவர் கண்டுகொள்ளவில்லை. முன்னால் கட்டியவர் கெட்டிக்காரர். ஒட்டிய இடம் எது என்றே தெரியாத அளவுக்கு வேலை. ஆனால் டாங்கியின் அடிவயிற்றில் மட்டும் ஒரு விரல் ரேகை பதிந்திருந்தது. இந்தப் பசை பிளாஸ்டிக்கையே இளக்கி ஒட்டும், காய்வதற்குள் தொட்டால் ரேகை அப்படியே தங்கிவிடும். பெரியவர்கள் விரல் இல்லை அது. ரொம்பச் சின்னது. அரம் போட்டுத் தேய்க்கப் போனவர், ஏனோ மனசு வராமல் விட்டுவிட்டார்.

கமாண்டர் பொம்மையும் பெட்டியிலேயே இருந்தது. கட்டைவிரல் உயரம். உடுப்பு, தொப்பி, மீசை எல்லாம் வண்ணம் தீட்டி முடித்தாயிற்று. முகத்தில் ஒரு கண் அற்புதமாக இருந்தது. இன்னொரு கண் வெறும் வெள்ளை.

மகாபே சிரித்துக்கொண்டாராம். இங்கே தாருமா என்று சிவப்பாக, உருண்டையாக ஒரு பொம்மை உண்டு. வீட்டுக்கு வீடு இருக்கும். மனசில் ஒன்றை வேண்டிக்கொண்டு ஒரு கண்ணை வரைவார்கள். வேண்டியது பலித்த பிறகுதான் மறு கண். அதுவரைக்கும் பொம்மை ஒற்றைக் கண்ணோடு அலமாரியில் காத்திருக்கும்.

எந்த ஜப்பான்காரனுக்கும் அந்த வெள்ளைக் கண்ணைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வரும். மகாபேயும் விளையாட்டாக வேண்டிக்கொண்டார். ஹோனமி இந்த வீட்டுக்கு வரணும். வந்து, "வந்துட்டேன்"னு சொல்லணும். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் வாசலில் நின்று சொல்கிற சொல் அது. அப்பனோ ஆத்தாளோ உள்ளேயிருந்து "வா வா" என்பார்கள். மூன்று வருஷமாக அந்த வீட்டில் அதைச் சொல்லவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை.

அன்றைக்கே சத்சுகி போன் செய்து, ஞாயிறு நிச்சயம் என்று சொல்லிவிட்டாள். மகாபேக்குத் தலைகால் புரியவில்லை. வந்த மாதிரிதானே என்று பிரஷ்ஷை எடுத்தார்.

மறு கண்ணை வரைந்தார்.

அவர் செய்த தப்பு அது ஒன்றுதான். ஒற்றைக் கண் வரைந்திருந்தால் யாரோ ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்தவர் வேண்டுதலுக்கு இவர் கண் வரைந்துவிட்டார்.

பிரஷ்ஷை இன்னும் கீழேகூட வைக்கவில்லை. வெளியே ஊர் ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பித்தது. மாலை ஐந்து மணிக்கு, விளையாடுகிற பிள்ளைகளே வீட்டுக்குப் போங்கள் என்று தினமும் போடுகிற மெட்டு.

பாட்டு முடிந்தது. மழைச் சத்தம் மட்டும்.

பிறகு இரும்புப் படியில்… டக்… டக்… டக்…

ரப்பர் பூட்ஸ். சின்னக் கால்கள்.

வாசலில் வந்து நின்றன.

"வந்துட்டேன்."

பெண் குழந்தைக் குரல். மகாபே பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு, தலையைக்கூடத் தூக்காமல், "வா வா" என்றார். வாய்ப்பழக்கம். சொன்ன பிறகுதான் உறைத்தது. கதவைத் திறந்து பார்த்தார். படியில் யாருமில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை கதவு மாறி வந்திருக்கும் என்று திரும்பினார்.

செருப்பு விடுகிற இடத்தில், கதவுக்கு உள்பக்கம், தரை நனைந்திருந்தது. ஈரத்தின் நடுவில் சேறு பூசிய ஒரு சக்கரம் கிடந்தது.

பெட்டியிலிருந்து நாம்தான் தவற விட்டிருப்போம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். கழுவிப் பொருத்தினார். அதே பழைய பிளாஸ்டிக். அதே நிறம். கச்சிதமாக உட்கார்ந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்தார். வீடு பூட்டியபடிதான் இருந்தது. மேசையில் சுவரைப் பார்த்து வைத்துவிட்டுப் போன டாங்கி, வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரில் அந்தச் சின்னத் துப்பாக்கி.

அதைவிட ஒன்று. வட்ட மூடிக்குப் பதிலாக அவரே பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒரு மூடி செய்து ஒட்டியிருந்தார். அந்தப் பசை பிடித்தால் பிடித்ததுதான், உடைத்தால்தான் வரும். அது உடையாமல் கழன்று ஓரமாக இருந்தது.

விளிம்பில் பல் தடம்.

சின்னப் பற்கள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்த மூடியை என் உள்ளங்கையில் வைத்தார். எலி கடித்திருக்கும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. பல் விழுந்து முளைக்கிற வயசுப் பிள்ளைக்கு இருக்குமே, அந்த இடைவெளி.

அன்று இரண்டு பேரும் அந்தக் கடைக்குப் போனோம். பெரியவர் முதலில் மழுப்பினார். மகாபே அந்த மூடியை எடுத்து முன்னால் வைத்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஹமுரோன்னு ஒருத்தரோட பொட்டி தம்பி. ஆத்துக்கு மேல, மலையடிவாரத்துல வீடு. மனைவி முன்னாடியே போயிட்டாங்க. ஒரே பொண்ணு."

"பொண்ணு எங்க?" என்றார் மகாபே.

பெரியவர் மூடியைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார். ஹமுரோ அந்த டாங்கியைக் கட்டியபோது மகளும் கூட உட்கார்ந்து ஒட்டியிருக்கிறாள். அவள் விரல் பட்டுப் பசை இழுகிவிட்டது. வேலையில் சுத்தம் பார்க்கிற மனுஷன், கோபத்தில், இனிமே நீ தொடாதே, போ வெளியே என்று கத்திவிட்டார். பிள்ளைக்கு ரோஷம். கைக்கு அகப்பட்ட மூன்று பாகத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மழையில் ஓடியிருக்கிறாள். ஐந்து மணிப் பாட்டு ஒலித்தது. தெருவில் எல்லாப் பிள்ளையும் வீடு திரும்பியது. அவள் திரும்பவில்லை. ஆற்றில் அன்று வெள்ளம். தேடித் தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவேயில்லை.

"அந்தப் பொம்மைக்கு ஒரு கண்ணு மட்டும் வரைஞ்சு வெச்சிருந்தாரு. மக வந்தப்புறம்தான் மறு கண்ணுன்னு. பதினாலு வருஷம். போன மார்ச்சுல அவரும் போயிட்டாரு. வீட்ட இடிச்சுட்டாங்க."

கடையை விட்டு வெளியே வந்ததும் மகாபே என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது.

"அவளுக்குத் திரும்பிப் போக வீடு இல்ல," என்றார். "நான் வா வான்னு வேற சொல்லிட்டேன்."

இங்கே பழைய பொம்மைகளைக் குப்பையில் போடமாட்டார்கள். கோயிலில் கொடுத்து மந்திரம் ஓதி எரிப்பார்கள். சனிக்கிழமை டாங்கியையும் பொம்மையையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தோம். ஹோனமிக்கு வேறு ஒரு புது மாடல் வாங்கினார். கெட்டது எதுவும் உள்ளே வராமலிருக்க வாசலில் உப்புத் தூவினார். அன்று மாலை பாட்டு ஒலித்தது. படியில் சத்தமில்லை. மகாபே எனக்குப் போன் செய்து நன்றாகச் சிரித்தார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

ஞாயிறு மத்தியானமே வரவேண்டிய ஹோனமி வரவில்லை. மழையில் மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள், சுற்றிக்கொண்டு வருகிறோம் என்று சத்சுகி சொன்னாள். மகாபே இரண்டு தட்டில் பலகாரம் வைத்தார். இரண்டு நாற்காலி போட்டார். வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.

மூன்று மணி. நான்கு மணி. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

ஐந்து.

பாட்டு ஒலித்தது.

பாட்டு முடிந்தது.

இரும்புப் படியில்… டக்… டக்… டக்…

ரப்பர் பூட்ஸ்.

மகாபே எழுந்தார். அப்படியே நின்றார்.

"வந்துட்டேன்."

பெண் குழந்தைக் குரல். கதவுக்குப் பின்னால், மழைக்குள். யார் குரல்?

அவருக்குத் தெரியவில்லை. பெற்ற மகள் குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மாதம் ஒரு நாள் கேட்கிற குரல்தானே.

"வந்துட்டேன்…"

பதில் சொன்னால் உள்ளே வந்துவிடும். சொல்லாவிட்டால்…

தட்டும் சத்தம். மெதுவாக.

மறுபடியும்.

மகாபே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கண் மட்டும் கதவிலிருந்து நகரவில்லை. கதவு அசையவில்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

சத்தம் நின்றது.

காதிலிருந்து கையை எடுத்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. சத்சுகி.

"நீங்கல்லாம் மனுஷன்தானா? பிள்ள கார்ல ஒக்காந்து அழுவுறா. அப்பாவ அசத்தப்போறேன், சொந்த வீட்டுக்கு வர்ற மாதிரியே 'வந்துட்டேன்'னு சொல்லப்போறேன்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தா."

மகாபே கதவுக்கு ஓடினார். தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"வேற பொண்ணு இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"எந்தப் பொண்ணு?"

"கதவத் தெறந்துச்சாமே. தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு. இது எங்கப்பா வீடு, நீ போன்னு சொல்லுச்சாம். கையில ஒரு சின்ன வட்ட மூடிய வெச்சு உருட்டிக்கிட்டே நின்னுச்சாம்."

அவர் கை தாழ்ப்பாளில்தான் இருந்தது. அது போட்டபடியேதான் இருந்தது. கீழே கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

நடந்ததைச் சொன்னால் யார் நம்புவார்கள்? சத்சுகி நம்பவில்லை. ஆகஸ்டில் வந்த கோடை விடுமுறையில் ஹோனமியைக் கூட்டிக்கொண்டு, வடக்குக் கோடியில் இருக்கிற சப்போரோவுக்குக் குடிபோய்விட்டாள். வீட்டை மாற்றுங்கள், நானே வேறு இடம் பார்த்துத் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். மகாபே கேட்கவில்லை. ஹோனமிக்கு இந்த ஒரு வீடுதான் தெரியும், என்றைக்காவது மனசு மாறி வந்தால் நான் இங்கே இருக்க வேண்டாமா என்கிறார். தினமும் மாலை அந்தக் குரல் வருகிறதாம். அவர் பதில் சொல்வதில்லையாம். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றார்.

போன புதன்கிழமை லாரி விஷயமாக அவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு நடுவில், அவர் பக்கம் ஐந்து மணிப் பாட்டு கேட்டது. மகாபே பேச்சை நிறுத்தினார். பாட்டு முடிந்தது. மழைச் சத்தம் கேட்டது. என் ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு அவர் வாயைப் போனிலிருந்து விலக்கிக்கொண்டு சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வாம்மா."

மேசைமேல் சின்னதாக, வட்டமாக ஏதோ ஒன்று விழுந்து, உருண்டு, நின்ற சத்தமும் கேட்டது.