கோமதிநாயகம் ஏற்றிய குண்டுகள்

போன மாதம் ஒரு காலை, அட்டைப்பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போனேன். பக்கத்து சீட்டுக்காரர் ஆர்வமாக, "கேக்கா அண்ணாச்சி?" என்றார். "இல்ல... போர் விமானம்" என்றேன். மனுஷர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்!

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கிற உங்களுக்கு என் பைத்தியம் தெரியும். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, பெயின்ட் அடித்து, குட்டி விமானம் செய்வது. என் வீட்டில் இதற்குப் பெயர் 'ரிட்டயர்டு வியாதி'. அன்று பெட்டிக்குள் இருந்தது ஒரு சாண் நீள மிக்-21. பள்ளித் தோழன் கோமதிநாயகத்தின் அறுபதாம் கல்யாணத்துக்கு என் பரிசு.

கோமதி விமானப்படையில் இருபது வருஷம் இருந்தவன். விமானி அல்ல. இறக்கைக்கு அடியில் குண்டுகளையும் ஏவுகணைகளையும் பூட்டிவிடும் ஆள். ஆள் எடுப்புக்கு நாங்கள் ஒன்றாகத்தான் போனோம். அவனை எடுத்துக்கொண்டார்கள். என்னை என் மூக்குக்கண்ணாடி திருப்பி அனுப்பிவிட்டது.

அவன் லீவில் வந்து ஜங்ஷன் ஸ்டேஷனில் இறங்கும் நாட்கள்... அடடா! அந்தக் கறுப்பு ட்ரங்க் பெட்டியை யார் தூக்குவது என்று எங்களுக்குள் அடிதடியே நடக்கும். ஆற்றில் குளித்துவிட்டு அவன் துண்டு மடிக்கும் அழகைக்கூட நின்று பார்ப்பேன். பொறாமைதான். ஒளிப்பானேன்?

கார்கில் சண்டை நடந்த வருஷம் தீபாவளிக்கு வந்தவனுக்கு ஸ்டேஷனிலேயே மாலை போட்டோம். "எத்தனை குண்டுலே ஏத்துன?" என்று கேட்டோம். சிரித்தான், பதில் சொல்லவில்லை. ராணுவ ரகசியம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். பிற்பாடு இதே பத்தியில், பனிமலையில் விழுந்த குண்டுகளில் சில பாளையங்கோட்டைக்காரன் கையால் பூட்டியவை என்று நான் எழுதியும் விட்டேன். பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன.

சரி, மாடலுக்கு வருவோம். துண்டுகள் வரும் பெட்டியில் கம்பெனிக்காரன் ஏகப்பட்ட ஆயுதம் கொடுத்திருப்பான் — கல்யாண இலையில் பரிமாறியது மாதிரி. எல்லாவற்றையும் மாட்டினால் நிஜ விமானம் தரையை விட்டு எழும்பாது. எந்த வருஷம், எந்தப் பிரிவு, என்ன வேலைக்குக் கிளம்பியது... இவ்வளவும் தெரிந்த பிறகுதான் எதை மாட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் பொம்மை.

மூன்று மாதம் பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். குண்டின் வால் வடிவம் பற்றி ஹைதராபாத் நண்பர் ஒருவரிடம் சண்டையே போட்டேன். கடைசியில் கார்கில் சமயத்தில் ஆயுதம் மாட்டிய விதம் அப்படியே வந்துவிட்டது. இறக்கைக்கு அடியில் நாலு கொக்கியிலும் கனமான குண்டுகள். அடியில் தேக்குப் பலகை, அதில் பித்தளைத் தகடு: 'கோமதிநாயகம் ஏற்றியது — 1999'.

அவன் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்ததும், கோமதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"கழத்துலே" என்றான்.

"எதை?"

"எல்லாத்தையும்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "மூணு மாசம் உழைச்சிருக்கேன். இதுல எதுலே தப்பு?"

"பைய பேசு. சிவகாமி அடுப்படியில நிக்கா." மனைவி காதில் விழாதபடி கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். "குண்டுல தப்பு இல்ல. அந்த வருஷம் நான் அங்கன இல்லலே. அஸ்ஸாம்ல இருந்தேன். புது பைலட்டுகளுக்குப் பழக்கிக் கொடுக்குத இடம். நான் ஏத்துனது பூரா பயிற்சிக் குண்டு. விழுந்தா புகை வரும். எங்க விழுந்துச்சுன்னு பாத்து மார்க் போடுவாவ. அம்புட்டுத்தான்."

நான் பித்தளைத் தகட்டைக் கையால் மறைத்தேன்.

"சண்டைக்குப் போகணும்னு எழுதிக் கொடுத்தேன். இங்கனயே இருன்னுட்டாவ. ஸ்டேஷன்ல மாலையோட நிக்கிய... என்னன்னு சொல்லுவேன்? நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ பேப்பர்ல எழுதிட்ட."

"இத்தனை வருஷமாச் சொல்லலியேலே!"

"சிவகாமி அதை லேமினேட் பண்ணி மாட்டிட்டா. பிறகு எப்படிச் சொல்ல?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "என் கையால ஏத்துனதுல ஒரு உசுரு போகல. அதுல வெக்கமும் இருக்கு, நிம்மதியும் இருக்கு. கல்யாணத்தன்னைக்குச் சொந்தபந்தம் எல்லாம் பாக்கப் போவுது. பொய்யைப் பித்தளையில அடிச்சு வச்சிராதலே."

வீட்டுக்கு வந்து, ஒட்டிய குண்டுகளை ஒவ்வொன்றாகப் பிளேடால் அறுத்து எடுத்தேன். இரண்டு கொக்கியைக் காலியாக விட்டேன். மற்ற இரண்டுக்கும் பல் குத்தும் குச்சியின் நுனியைச் செதுக்கிப் பயிற்சிக் குண்டு செய்தேன். ஒரு அரிசிமணி அளவுதான் இருந்தது. தகட்டை மாற்றவில்லை; இப்போது அதில் பொய் இல்லை. என் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. போர்முனையில் நிற்க ஆசைப்பட்டவன் நான். அந்த ஆசையை அல்லவா அவன் இறக்கையில் இத்தனை வருஷம் தொங்கவிட்டிருக்கிறேன்? நண்பர்கள் விஷயத்தில் நாம் எல்லோருமே இதைத்தான் செய்கிறோமோ?

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பரிசு மேஜையில் மாடலைப் பார்த்த, ஏரலிலிருந்து வந்திருந்த கோமதியின் பெரியப்பா குனிந்து தேடினார். "எங்கவே குண்டு? பெரிசு பெரிசா ஏத்துனான்னு சொன்னாவ?"

மாலையும் கழுத்துமாகக் கோமதி மேடையிலிருந்து இறங்கி வந்தான். முகமெல்லாம் வியர்வை. "நான் சண்டைக்குப் போகல பெரியப்பா. அஸ்ஸாம்ல இருந்தேன். இதான் நான் ஏத்துனது."

சுற்றி நின்ற பத்துப் பேரும் கேட்டார்கள். 

"வெடிக்காதோ?" என்றார் பெரியப்பா.

"வெடிக்காது."

"நல்லதாப் போச்சு. பந்தி போட்டாச்சா?"

அவ்வளவுதான்! இத்தனை வருஷம் அவன் பயந்த பயம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. கோமதி என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்... கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

கிளம்பும்போது தாம்பூலப் பையோடு சிவகாமி வந்தாள். "அண்ணே, அவுக அஸ்ஸாம்ல இருந்தது எனக்கு அப்பவே தெரியும்."

"எப்படிம்மா?"

"லெட்டர்ல ஊர் பேரு போட மாட்டாக. தபால் நம்பர் மட்டுந்தான் இருக்கும். 56-ன்னா காஷ்மீர் பக்கம், 99-ன்னா கிழக்க. பட்டாளத்து வீட்டுக்காரிக்கு இது தெரியாதா? லெட்டரைப் பிரிக்க முன்னாடி நம்பரைத்தான் பாப்பேன். 99-ஐப் பாத்தாத்தான் அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கும்."

"அப்புறம் ஏம்மா நான் எழுதினதை லேமினேட் பண்ணி மாட்டின?"

"அதுல அவுக போட்டோ நல்லா விழுந்திருந்துச்சு" என்றாள்.

அவன் போர்முனையில் நிற்கிறான் என்று நாங்கள் பெருமையடித்த அத்தனை நாளும், அவன் அங்கே இல்லை என்பதற்காக ஒருத்தி சாமிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.