படிகாரம் எரியாத இடது தாடை

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேகால் மணி. பட்டாபிராம் ரயில் நிலையத்துக்கு அருகே நான் வழக்கமாகப் போகும் சலூன். நாளும் நேரமும் குறித்து வைப்பது என் பழக்கம். பல வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன்.

சவரம் முடிந்து, சலூன்காரர் முகத்தில் படிகாரக் கல்லைத் தேய்த்தார். இடது தாடையில் கத்தி லேசாகக் கீறியிருந்தது. அங்கே இரண்டு முறை தேய்த்தவர் கையை நிறுத்தினார்.

“எரியலையா சார்?”

“இல்லையே.”

அதே கல்லை வலது பக்கம் வைத்தார். சுரீரென்றது.

“ஒரே கல்லு சார். இந்தாண்ட எரியுது. அந்தாண்ட ரத்தம் வந்தும் எரியலன்னா இன்னா அர்த்தம்?”

இரண்டு மாதம் முன்பு அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தேன். மரப்பு ஊசி நரம்பில் பட்டால் கொஞ்ச காலம் அப்படி இருக்கும், படித்திருக்கிறேன் என்றேன்.

“படிச்சது சரியாவே இருக்கட்டும். டாக்டராண்ட ஒரு தபா காட்டிடு.”

பெஞ்சில் காத்திருந்தவர், “இன்னாபா, சாருக்கு வைத்தியம் முடிச்சிட்டு எனுக்கு முடி வெட்டுவியா?” என்றார்.

“உன் முடி எங்கியும் ஓடாது மாமே, குந்து.” நாளைக்கே போகிறேன் என்று என் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் சலூன்காரர் என்னை எழவிட்டார்.

மறுநாள் பூந்தமல்லி சாலையில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்த பெண் மருத்துவர், “இந்த மரப்பு, பல் எடுத்தப்புறம் வந்துச்சா, முன்னாடியே இருந்துச்சா?” என்று கேட்டார். அப்புறம்தான் என்று உறுதியாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைப் புரட்டினால், பல் எடுப்பதற்கு ஒன்பது நாள் முன்பு என் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘காபி தம்ளர் உதட்டில் சரியாகப் பதியவில்லை. விளிம்பு நெளிந்திருக்கும். மாற்ற வேண்டும்.’

தம்ளரை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு நெளிவும் இல்லை.

மறுபடி போய் நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தைக் காட்டியதும், இது ஊசியால் வந்த மரப்பு இல்லை என்று மருத்துவர் அன்றைக்கே எலும்பில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். எலும்பை இளக்கித்தான் சீவிப் பார்க்க முடியுமாம். முடிவு வர நாளானது. அதுவரை நானும் மனைவியும் அந்த நோயின் பெயரைச் சொல்லாமலே சாப்பிட்டோம், தூங்கினோம். தாடை எலும்பிலேயே தோன்றும் அரிய வகைப் புற்றுநோய் என்றது அறிக்கை. மருந்து ஏற்றினார்கள். பிறகு கீழ்த்தாடையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, என் காலிலிருந்து மெல்லிய எலும்பை எடுத்து அங்கே பொருத்தினார்கள். பரவுவதற்குள் வந்துவிட்டீர்கள் என்றார்கள்.

மருந்தில் உதிர்ந்த தாடி மறுபடி முளைத்ததும் சலூனுக்குப் போனேன். முகம் சற்றுக் கோணியிருந்தது. விவரம் கேட்ட சலூன்காரர், “காலு எலும்பா? அப்ப இனிமே வாய் நடந்துகினே இருக்கும்னு சொல்லு,” என்றார். சிரித்தேன், தழும்பின் ஓரமாக அவர் கத்தியை மெல்ல, மிக மெல்ல இழுத்தார்.

இன்று நான் மென்று விழுங்கும் ஒவ்வொரு கவளமும், அடுத்த ஆள் காத்திருந்தும் அவசரப்படாத ஒரு மனிதர் எனக்குத் தந்தது என்றே நினைத்துக்கொள்கிறேன்.