இரண்டு கோபுரங்களுக்கு இடையில் நான் குறைத்தது

கைத்தொலைபேசியில் பேசத் தொடங்குமுன் அது கோபுரத்திடம் இடம் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியும் பதிலும் போக ஒடுக்கமான தனி வழி ஒன்று உண்டு. பக்கத்துக் கோபுரங்களும் தங்களுக்குள் எங்கே நெரிசல், எங்கே இடம் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். இந்தச் சின்னச் செய்திகளை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்பதுதான் கொழும்பில் என் வேலை.

ருவான்வெல்லைக்கு மேலே, நான் பிறந்த ரப்பர் தோட்டத்தை ஒட்டிய இரண்டு கோபுரங்கள் ஒருநாள் என் பட்டியலில் வந்தன.

"அங்க ஆக்கள் குறைவுதானே" என்றார் மேலதிகாரி.

நானும் யோசிக்கவில்லை. சில விநாடிக்கு ஒருமுறை போன செய்தியை அரை மணிக்கு ஒருமுறை என்று மாற்றினேன். பாராட்டினார்கள்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு காலை, தோட்டத்து ரோட்டில் மண் சரிந்தது. லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் போன் அடித்திருக்கிறார்கள். மழையால் ரப்பர் பால் வெட்டப் போகாமல் வீட்டிலிருந்த அப்பா, அப்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா பஜாரில் ஆட்டோ ஓட்டும் திரீவீல்காரருக்கு அடித்தாள். எனக்கும் அடித்தாள். எதுவும் போகவில்லை. கடைசியில் நாலு பேர் அவரைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு மண்ணைத் தாண்டி இறங்கினார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

அடக்கத்துக்கு வந்த திரீவீல்காரர் என்னிடம் சிங்களத்தில் சொன்னார், ஒரு போன் கோல் கிடைத்திருந்தால் மண் சரிந்த இடம்வரைக்கும் வந்து நின்றிருப்பேன் என்று.

அன்று மாலை அம்மா கேட்டாள்.

"போன்ல சிக்னல் நாலு கோடும் இருந்துச்சு புள்ள. அடிச்ச ஒடனே கட்டாயிருச்சு. நீதான் வேலையில இருந்து கட் பண்றேன்னு நெனச்சேன்."

"நான் கட் பண்ணலம்மா."

"அப்ப யாரு பண்ணுனது?"

மழை, எல்லோரும் ஒரே நேரத்தில் அடித்தது என்று ஏதோ சொன்னேன். அவள் நம்பவில்லை.

வேலைக்குத் திரும்பியதும் அந்தக் காலையின் பதிவுகளைத் திறந்தேன். லயத்துப் பக்கக் கோபுரத்தில் இடம் கேட்கும் வழி முழுதும் அடைத்துக் கிடந்தது. எதிர் மலைக் கோபுரம் ஏறக்குறைய சும்மா இருந்தது. அதனிடம் இருந்தது மண் சரிவதற்கு முந்திய தகவல். அதன்படி எங்கள் பக்கம் நெரிசலே இல்லை; அதனால் எங்கள் பக்கத்து அழைப்பு ஒன்றையும் அது ஏற்றுக்கொள்ளவில்லை.

அரை மணியை எடுத்துவிட்டுப் பழையபடி சில விநாடிக்கு ஒருமுறை என்றே திரும்பப் போட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் எனக்கு இப்போது போன் அடிப்பதில்லை. நான் அடித்தால் எடுப்பாள். "சாப்டியா" என்பாள். வைத்துவிடுவாள்.