மிக்சர் தட்டில் சோலார் செல்

என்னைப் பெண் பார்க்கப் பனமலையிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா. சிங்கவரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வைத்தோம்.

"பொண்ணு இன்னா பண்ணுது?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டதும், நைனா மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தார். "சென்னையில சோலார் ஆராய்ச்சிங்க. சார்ஜ் டிரான்ஸ்ஃபர்."

அவர் முகம் மலர்ந்தது. "நான் எத்தினி டிரான்ஸ்ஃபர் பாத்திருக்கேன். சார்ஜ் வாங்கிக்க ஆள் வரலன்னா பெரிய ரோதனைம்மா."

அவர் சொன்னது முழுக்கத் தவறும் இல்லை. அம்மா கண்ணாலேயே 'சும்மா இரு' என்றாள். நான் மிக்சர் தட்டைக் கையில் எடுத்தேன்.

"இந்த ஓமப்பொடிதான் பாலிமர்னு வெச்சுக்குங்க மாமா, நீளமான இழை. இந்தக் கடலைதான் குவாண்டம் டாட், கண்ணுக்கே தெரியாத துகள். ரெண்டையும் கலந்து கண்ணாடி மேல மெல்லிசா பூசுவோம். வெளிச்சம் பட்டா ஓமப்பொடியில ஒரு எலக்ட்ரான் கிளம்பும். அது கடலைக்குத் தாவினாத்தான் கரண்ட்."

"தாவ வேண்டியதுதான?"

"கடலை மேல எண்ணெய் மாதிரி ஒரு பூச்சு தடுக்குது. அதை எடுத்துட்டா கடலையெல்லாம் ஒண்ணா ஒட்டிக்குது. அதுலதான் மாட்டிக்கிட்டு இருக்கேன்."

அவர் கவனமாகக் கேட்டபடி ஒரு கைப்பிடி குவாண்டம் டாட்டை வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு, "உன் சோலார இப்ப போடேன்மா, ஃபேன் ஓடட்டும்" என்றார்.

"என்னுது நகத்தளவுதான் அத்தை. ஃபேன் ஓடாது."

"அப்ப இன்னாதான் ஓடும்?"

"மீட்டர்ல நம்பர் கொஞ்சம் மாறும்."

நைனா தரையைப் பார்த்தார்.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை கழுத்து வியர்வையைத் துடைத்தபடி கேட்டார். "தாவ முடியலன்னா அந்த எலக்ட்ரான் இன்னா ஆகும்?"

"கிளம்பின எடத்துலயே திரும்பி விழுந்துடும். கொஞ்சம் சூடாகும், அவ்ளோதான்."

"பாவம்" என்றார்.

எங்கள் ஆய்வகத்தில் ஒருவர்கூட அதற்காக வருத்தப்பட்டதில்லை. அவர்கள் கிளம்பியதும் அம்மா திட்ட ஆரம்பித்தாள். மிச்சமிருந்த ஓமப்பொடியைத் தின்றுகொண்டே, எனக்குச் சம்மதம் என்றேன்.

மறுநாள் ஃபோன் வந்தது. பையனுக்குப் பிடித்திருக்கிறதாம், அந்தச் சோலார் செல்லைப் பார்க்க வேண்டுமாம். சென்னைக்கு வந்தபோது காட்டினேன். கண்ணாடித் துண்டின் மேல் காபிக் கறை மாதிரி இருந்ததை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அழகா இருக்குது" என்றார். பொய்தான். ஆவணியில் கல்யாணம் நடந்தது.