விரலால் வாசித்த எங்கள் அத்தான்

எங்கள் அக்காவின் அன்புக் கணவர், எனது அத்தான், பிரான்சின் லியோன் நகரில் ஒரு வெதுப்பகக்காரரின் கடைசி மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். ஆளைவிட உயரமான டபுள் பேஸ் வாத்தியத்தைச் சுமந்து, ஜாஸ் குழுக்களோடு ஊர் ஊராக அலைந்து, புதிய நூற்றாண்டு பிறந்த குளிர்காலத்தில் ஒஸ்லோவில் நிலைகொண்டார். இங்குதான் அக்காவைக் கைப்பிடித்தார்.

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் எங்கள் வீட்டில் அவர் முதன்முறை வாசித்தபோது அம்மா என்னைக் கேட்டார்: "வில்லு கிடக்க, இந்தப் பிள்ளை ஏன், தம்பி, விரலாலை நுள்ளுது?"

ஜாஸில் அப்படித்தான் என்றேன். அம்மா கேட்டால்தானே! வெடித்திருந்த அவரது விரல் நுனிகளைக் கண்டதும் நல்லெண்ணெய் சூடாக்கி வந்து தடவினார். "ஓம் மாமி, ஓம் மாமி" என்று அத்தான் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அம்மாவுக்கு அதுவே போதும்.

எனக்கு வயிறு எரிந்தது. வடநோர்வேயின் பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டி என் கை வெடித்துக் கிடந்த காலத்தில் அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார். அந்தக் கையால் உழைத்துத்தான் அவரை இங்கே அழைத்தேன். வந்தவர் மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டார். கச்சேரி நாட்களில் என் காரின் முன்னிருக்கையைச் சாய்த்து வாத்தியத்தைக் கிடத்தினால் எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே இடம். அத்தான் அக்காவோடு சுரங்க ரயிலில் வருவார். அப்போதாவது அம்மா என்னோடு கதைப்பாரா? "பாவம், அந்தப் பிள்ளை குளிருக்கை நிக்குது" என்று வழியெல்லாம் அவர் புராணம்தான்.

அத்தான் யாரையும் கடிந்து பேசியறியார். குறை சொல்வதற்குக்கூட எனக்கு எதையும் விட்டுவைக்கவில்லை. நோய் முற்றிய கடைசி நாட்களிலும் அக்காவைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் முறைப்படியே தன்னை வழியனுப்பும்படி அத்தான் கேட்டிருந்தார். கிரியைக்கு என்னை இருக்கச் சொன்னார் அம்மா. "மச்சான்காரன் என்ன முறையிலை செய்யிறது?" என்று உறவினர் ஒருவர் இழுத்தார்.

"மச்சானோ? போனவன் என்ரை மூத்த பெடியன். அண்ணனுக்குத் தம்பி செய்யாமல் வேறை ஆர் செய்யிறது?" என்றார் அம்மா.

வீட்டின் ஒரே மகன் என்று எனக்கிருந்த பெயரும் அன்றோடு போயிற்று. நான் போய்க் கிரியைக்கு உட்கார்ந்தேன்.

மருத்துவமனையில் அருகிருந்தவர்களுக்கும், அவரைத் தோளில் சுமந்த இசைத் தோழர்களுக்கும், அவர் மறைந்த இந்த ஓராண்டும் அக்காவைத் தனியே விடாத, வெஸ்ட்லியில் வாழும் உறவுகளுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

அண்ணா, இனி அம்மா எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவர் உங்களுக்காக அழுகிற அழுகையைப் பார்க்கிறேன். இன்றும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

உங்கள் தம்பி