மாப்ளைக்குப் பூவாக்கு

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் என் கணவர். இன்னொருவர் கடிப்பார்.

கடிக்கிறவர் ஒரு கடுவன் பூனை. கணவர் வேலை பார்த்த பம்புசெட் பட்டறையில், இரும்புப் பிசிறுக் குவியலுக்குள் குட்டியாகக் கிடந்ததை டிபன் பையில் போட்டு எடுத்து வந்தார். தொண்ணூறுகளின் ஆரம்பம். சிங்காநல்லூரில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். "ரெண்டு நாளைக்கு இருக்கட்டும் அம்மணி" என்றார். ரெண்டு நாளில் வாங்கித் தருகிறேன் என்று இவர் சொன்ன மிக்ஸி கல்யாணமானதிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அதை வைத்தாவது நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அவர் அதை 'மாப்ளை' என்று கூப்பிட்டார். நான் கூப்பிட்டதை இங்கே எழுத முடியாது.

மாப்ளைக்கு உலகத்தில் ஒரே ஒரு மனுஷனைத்தான் பிடிக்கும். பட்டறையிலிருந்து இவர் சைக்கிளில் வந்து இறங்கும் சத்தம் கேட்டால் படிக்கட்டுக்கு ஓடும். மிஷின் எண்ணெய் வாடையடிக்கும் தோளில் ஏறி உட்கார்ந்து அவர் காதை நக்கும். மற்ற எல்லோருக்கும் பல்தான். பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், ஓட்டுக் கேட்டு வந்தவர் என்று கட்சி பார்க்காமல் கடித்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் படம் பார்க்கக் கீழ்வீட்டு அம்மாவும் தெருவில் பாதியும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். டிவிப் பெட்டி சூடாக இருக்கும் என்பதால் மாப்ளை அதன் மேல்தான் படுக்கும். வால் திரையில் தொங்கும். கதாநாயகி அழுதால் அவள் மூக்குக்கு நேரே வால் ஆடும். தூக்கி இறக்கிவிட ஒருத்தருக்கும் துணிச்சல் கிடையாது. "பரவாயில்லீங்க, நடுவுலதான மறைக்குது. ரெண்டு ஓரமும் நல்லாத் தெரியுதுங்க" என்பார் கீழ்வீட்டு அம்மா.

அவர்தான் வீட்டுச் சொந்தக்காரர். எங்கள் பக்கத்து ஆட்கள் கோபத்தை நேராகச் சொல்லமாட்டார்கள். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். மாப்ளை அவர் வீட்டுத் தயிர்ச்சட்டியை உருட்டிய அன்று மேலே ஏறி வந்து, "ஏனுங் அம்மணி, உங்க மாப்ளை எங்க ஊட்டுக்கு வந்திருந்தாருங்க. தயிரு சாப்புட்டாருங்க. வயிறு நெறஞ்சுதுங்களான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்க" என்றார். இன்னும் இரண்டு 'ங்க' கூடியிருந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள், பால் ஊற்றிக்கொண்டிருந்த என் கையையே மாப்ளை கடித்தது. விளையாட்டுக் கடி இல்லை, தொங்கிக்கொண்டே கடித்த கடி. பெரியாஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். தெருநாய் கடித்தாலாவது நாலு பேரிடம் சொல்லி ஆறுதல் தேடலாம். வரிசையில் முன்னால் நின்ற அம்மா, "எந்த நாய்ங்க கடிச்சுது?" என்று கேட்டபோது, "எங்கூட்டுப் பூனைங்க, பால் குடுக்கும்போது கடிச்சுதுங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் என் மூஞ்சியையே பார்த்துவிட்டு, "சும்மாவா கடிக்கும்?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

கடைசி ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, அப்பாடா என்று சுவரில் சாய்ந்து காலை நீட்டினேன். மாப்ளை நிதானமாக நடந்து வந்து கணுக்காலில் கடித்தது.

அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். சாயங்காலம் அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, சொல்லிவிட்டேன். "இந்த ஊட்டுல ஒண்ணு நான் இருக்கோணும். இல்லாட்டி அது இருக்கோணும்."

அவர் தோளில் இருந்த பூனையைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். "உன்ற இஷ்டம் அம்மணி" என்றார்.

சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். 'உன் இஷ்டம்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் பாரம் முழுக்க நம் தலையில். என் மாமியார் ஒரு காலத்தில் ஒரு மாட்டை விற்கச் சொல்லியிருக்கிறார். மாமனாரும் மறுபேச்சுப் பேசாமல் விற்றுவிட்டார். அதற்கப்புறம் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், சோற்றில் உப்பு கூடினாலும் குறைந்தாலும், "அந்த மாடு மட்டும் இருந்திருந்தா" என்று ஆரம்பிப்பார். ஆயுசு முழுக்க அந்த அம்மா அந்த மாட்டோடு குடும்பம் நடத்தினார். இவர் அந்த மனுஷனின் பிள்ளை. எனக்குப் பூனையைப் பற்றிக் கவலையே இல்லை. பூனையை விரட்டினவள் என்ற பெயரோடு இவரோடு வாழ வேண்டுமே, அதுதான் பயம்.

அந்த வாரம் அவர் சாப்பாட்டைக் குறைத்தார். பூனைக்கு என் சீப்பால் தலை சீவிவிட்டார். ஒருநாள் வாசலில் உட்கார்ந்து அதனிடம், "அம்மணி மேல கோவிச்சுக்காதீங்க மாப்ளை, அவளுக்கும் வலிக்குமல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்களே சொல்லிப்போடுங்க. அனுப்பலாமா, வேண்டாமா?"

"நீ சொன்னாச் சரி."

"நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லுங்க."

பூனையின் காதைச் சொறிந்துவிட்டார். பிறகு, "அப்ப ஆத்தாகிட்டயே கேட்டுப்போடலாம்" என்றார்.

அவர்கள் குடும்பத்தில் சாமியிடம் பூவாக்குக் கேட்காமல் எதுவும் நடக்காது. கிணறு வெட்டுவதற்கும் பெண்ணெடுப்பதற்கும் அதுதான் உத்தரவு. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. என்னைக் கட்டுவதற்கும் கேட்டிருக்கிறார்கள். வெள்ளை வந்திருக்கிறது. ஆத்தாவுக்கு அன்றைக்கு என்ன அவசரமோ.

வெள்ளிக்கிழமை குளத்தடிக் கோயிலுக்குப் போனோம். எங்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் கல்யாணத்துக்குப் பூக்கேட்க உட்கார்ந்திருந்தது.

"என்ன காரியமுங்க? கல்யாணமுங்களா, போருங்களா?" என்று பூசாரி கேட்டார். தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போடுவதைத்தான் போர் என்பார்கள்.

"மாப்ளையை ஊட்டுல வெச்சுக்கறதா, அனுப்பிப்போடறதான்னு கேக்கோணுமுங்க" என்றார் இவர், கைகட்டிக்கொண்டு.

பின்னாலிருந்த அம்மா என் முந்தானையைத் தொட்டார். "ஏனம்மணி, அப்படி என்ன பண்ணிப்போட்டாரு?"

"கடிக்குதுங்க" என்றேன்.

அவர் வாயில் கைவைத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எதுக்கும் ஒருக்கா யோசிச்சுக்கங்க. ஒரு கொழந்தை பொறந்துபோட்டா இந்தக் கடிக்கறதெல்லாம் தன்னால நின்னுபோகுமுங்க" என்றார்.

அது பூனை என்று நான் விளக்கியபோது பூசாரிக்குத்தான் கோபம் வந்தது. அதாவது மரியாதை கூடியது. "ஆத்தாளுக்கு எத்தன சோலிங்க. மழை பெய்ய வெக்கோணும், அம்மை எறக்கோணும். பூனைக்கெல்லாம் வாக்குக் கேக்கறீங்களேங்க?" என்றார். இவர் அசையவில்லை. "உசுருதானுங்களே சாமி, எங்கூட்டு உசுருங்க" என்றார். அந்தக் குரலைக் கேட்டுப் பூசாரி தட்டை நீட்டினார்.

பொட்டலம் கட்டுவது கேட்க வந்தவர்கள் வேலை. இவர் தூணுக்கு அந்தப் பக்கம் போய், காலண்டர் தாளில் கட்டி எடுத்து வந்தார். வெள்ளை வந்தால் மாப்ளை போகலாம், சிவப்பு வந்தால் இருக்கலாம். கற்பூரம் காட்டினதும், "நீயே எடு" என்றார் என்னிடம்.

கையை நீட்டிய பிறகுதான் என் புத்தி எனக்கே தெரிந்தது. ஆத்தா, சிவப்பு வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். கணுக்காலில் கட்டு இருக்கிறது, தொப்புளைச் சுற்றி இன்னும் வலிக்கிறது, இருந்தும் சிவப்புதான் வேண்டும் என்று கேட்கிறேன். இவர் அரைச்சோறு தின்றதைப் பார்த்த வாரத்தில் என் வைராக்கியம் எங்கோ ஒழுகிப்போயிருந்தது.

பிரித்தேன். வெள்ளை.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளுங்க" என்றார் பூசாரி. இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தட்டிலிருந்த இன்னொரு பொட்டலத்தை, சாமி பூவைக் காலில் மிதிபட விடக்கூடாது என்று சொல்லி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சாமியே சொன்னப்பறம் நாம என்ன பண்றது அம்மணி" என்றார்.

துடியலூரில் அவருக்குத் தெரிந்த ஒருவர் மாட்டுத்தீவன மண்டி வைத்திருந்தார். புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் அடுக்கிய குடோனில் எலி ராஜ்ஜியம். மறுநாள் மாப்ளையைச் சாக்கில் கட்டி, இரண்டு பஸ் மாறிப் போனோம்.

முதல் பஸ்ஸிலேயே சாக்கு உறும ஆரம்பித்தது. கண்டக்டர் விசாரித்தார். பூனை என்றதும் பஸ்ஸில் பேச்சு நின்றது. நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் பாதிப்பேர். "குறுக்கதான் போகக் கூடாது. கூடவே வந்தாத் தப்பில்லீங்க" என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் மூச்சு விட்டார்கள். அப்போது பஸ் வலப்பக்கம் திரும்பி, எதிரே வந்த கல்யாண வேனுக்கு முன்னால் சாலையைக் கடந்தது. பெரியவரே எழுந்துவிட்டார். "இப்பப் பஸ்ஸு குறுக்க போச்சுங்களா, பூனை குறுக்க போச்சுங்களா?" சக்கரம் யாருடையதோ குற்றம் அவருடையது என்று ஒரு கட்சி, உள்ளே உட்கார்ந்து போனால் செல்லாது என்று இன்னொரு கட்சி. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, அந்த வேன்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமா என்று கேட்டார். கடைசியில் சாக்குக்குள் இருப்பதால் பூனைக்குக் கண் தெரியாது, கண் தெரியாத பூனை போனால் கணக்கில்லை என்று முடிவானது. இவர் மட்டும் சாக்கைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மண்டிக்காரர், "கடிக்குமுங்களா?" என்று கேட்டார்.

"மரியாதை குடுத்தாக் கடிக்காதுங்க."

"அதுக்கென்னங்க, தாராளமாக் குடுத்துப்போடலாம்."

சாக்கை அவிழ்த்ததும் மாப்ளை வெளியே வந்து தும்மியது. பருத்திக்கொட்டை மூட்டை மேல் ஏறியது. அங்கிருந்து அடுத்த மூட்டை, அப்புறம் கண்ணுக்குத் தெரியவில்லை. எலிச் சத்தம் மட்டும் கேட்டது. "வாரேன் மாப்ளை" என்றார் இவர், மூட்டைகளைப் பார்த்து.

தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், "ஆத்தா சொல்லிட்டா, அனுப்பிட்டோம்" என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு லேசாக இருந்தது. கீழ்வீட்டு அம்மா மூலம் விஷயம் பரவி, எங்கள் கோயிலுக்கு மவுசு வந்துவிட்டது. ஒருவர் ஆட்டை விற்பதற்கு, இன்னொருவர் மாமனாரோடு பேசுவதற்கு என்று பூக்கேட்கப் போனார்கள். பூசாரி என்னை ரோட்டில் பார்த்தால் கும்பிட்டார். அந்தக் கும்பிடு நல்ல கும்பிடு இல்லை.

ஒரு வாரம் கழித்து, அவர் கோயிலுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையை ஊறவைக்க எடுத்தேன். பையில் காலண்டர் தாள் பொட்டலம். தண்ணீரில் விடலாம் என்று பிரித்தேன்.

செவ்வரளி வாடினால் கறுக்கும். இது ஓரத்தில் பழுப்பேறிய வெள்ளை.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான். முதலில் வந்தது கோபம். ஊரெல்லாம் ஆத்தா சொன்னாள், ஆத்தா சொன்னாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆத்தா வாயையே திறக்கவில்லை. கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டானே மனுஷன்! அப்புறம்தான் உறைத்தது. கோயிலுக்குக் கிளம்பும்போதே அவர் மாப்ளையை விட்டுவிட்டார். விரட்டினவள் என்ற பெயர் எனக்கு வரக் கூடாது என்பதற்காகத் தூணுக்குப் பின்னால் நின்று, தன் கையாலேயே இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே கட்டியிருக்கிறார். சோப்பு நுரையோடு உட்கார்ந்து அழுதேன். கல்யாணமாகி அன்றைக்குத்தான் அந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்தது.

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை கீழ்வீட்டு அம்மா, ஊரிலிருந்து வந்த தன் அக்காவை மேலே கூட்டிவந்தார். "இந்த ஊட்டுலதானுங்கக்கா, பூனையை அனுப்பச் சொல்லி ஆத்தா வாக்குக் குடுத்தாளே, இவங்கதான்" என்று காட்டினார். அந்த அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

இவர் உள்ளே பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஆத்தா ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன், உள்ளே கேட்கிற மாதிரி. "நான்தானுங்க அனுப்பச் சொன்னேன். அவருக்கு மனசே இல்லீங்க. எனக்காக விட்டாருங்க."